ரேஸ் ஏறும் மலைப்பாதை

வெள்ளவத்தை

கொழும்பு காலி வீதியில் காலை நேரச் சிக்னலில் நிற்கும்போது, சென்னையிலிருந்து போனவர்களுக்கு ஏதோ குறைவது போலிருக்கும். கார்கள் நெருக்கியடித்து நிற்கும். எஞ்சின் சத்தம் பாதிதான் கேட்கும். பச்சை விழுந்ததும் பல கார்கள் மூச்சுக்காட்டாமல் நகர்ந்து, பத்திருபது அடி போன பிறகுதான் எஞ்சின் எழும். ஜப்பானில் சில வருடம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த ஹைபிரிட் கார்கள் அவை. டொயோட்டா அக்குவா, பிரியஸ், ஹொண்டா ஃபிட், சுசூகி வேகன்ஆர் என்று தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற 2020இல் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பிப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் இருந்த கார்களையே கண்ணும் கருத்துமாகப் பார்த்து ஓட்டினார்கள். அதனால் கிளட்ச் மிதி இல்லாத காரின் குணம் அங்கே பலருக்கு அத்துப்படி.

நான் போனது மலையகம் பார்க்க. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. சென்னையில் நான் ஓட்டுவது ஏஎம்டி கார். நம் ஊரில் 2014இல் மாருதி செலேரியோவில் அறிமுகமான வகை. உள்ளே இருப்பது சாதாரண கியர்ப்பெட்டிதான். கிளட்சை மிதிப்பதையும் கியரை மாற்றுவதையும் மட்டும் ஒரு சின்ன இயந்திரக் கை செய்கிறது. மாற்றும் நொடியில் ரேஸ் இறங்கி, தலை லேசாக முன்னால் சாய்ந்து மீளும். கோவையில் இருக்கும் என் தங்கை வைத்திருப்பது சிவிடி. அதில் தலை சாய்வதில்லை. ஆனால் குன்னூர் ஏற்றத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் கத்துகிறது என்று பயந்து, அவள் மலைக்குப் போவதையே விட்டுவிட்டாள். தெரிந்தவர்களில் எத்தனையோ பேர் இதே மாதிரிச் சொல்கிறார்கள். காலை அசைக்காமலே ரேஸ் ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கும்போது நடுங்குகிறது, வண்டி கெட்டுவிட்டதா? பழைய காரில் அந்தச் சத்தத்தை உண்டாக்கியது நம் கால். இதில் யார் உண்டாக்குகிறார்கள் என்று தெரியாததால்தான் கலக்கம்.

எனக்கு வாய்த்த ஓட்டுநர் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த தம்பி. வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். வண்டி வெள்ளை அக்குவா. அதில் ஆர்பிஎம் முள் கிடையாது. கியர்க்கம்பியில் பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். அதற்கும் கீழே தனியாக ஒரு ‘பி’ (B).

“அக்கா, இதுல முள்ளப் பாத்து ஓட்டவே முடியாது. காதுதான்” என்றார். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

கஜுகம

கண்டி வீதியில் நிட்டம்புவ தாண்டியதும் சாலையோரக் குடிசைகளின் முன் பளிச்சென்ற உடையில் பெண்கள் நின்று முந்திரிப் பருப்புப் பொட்டலங்களை ஆட்டிக் காட்டுகிறார்கள். வறுத்தது, மிளகாய்த்தூள் பிரட்டியது, வெறும் உப்பு மட்டும் போட்டது. பண்ருட்டி முந்திரியை விடச் சற்றுச் சிறியது. மிளகாய்த்தூள் நாக்கைச் சுடும் அளவுக்கு இருந்தது. கடைக்காரப் பெண்ணோடு தம்பி சிங்களத்தில் விலை பேசினார். எனக்காக அந்தப் பெண் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போட்டார்.

வெயில் உச்சிக்கு ஏறியிருந்ததால் ஏசியை அணைக்காமல் காரைப் பார்க்கில் விட்டிருந்தோம். பேச்சு நடக்கும்போதே, உள்ளே ஆள் இல்லாத கார் உலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒரு நிமிடம் சீராக உறுமியது. பிறகு தானே அடங்கியது. எந்தக் கையும் படாமல் கார் இப்படிச் செய்தால் நம் ஊரில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பெண் பருப்பை நிறுப்பதை நிறுத்தக்கூட இல்லை.

ஹைபிரிட்டில் ஏசி ஓடுவது பேட்டரியில். அது குறைந்தால் எஞ்சின் எழுந்து ஜெனரேட்டரைச் சுற்றி நிரப்பிவிட்டுத் தூங்கிவிடும். சாதாரண ஆட்டோ கியர் காரிலும் இதன் சிறிய வடிவம் உண்டு. சிக்னலில் நிற்கும்போது ஏசி கம்ப்ரசர் பிடித்தால் பாரம் கூடும். எஞ்சின் அணையாமல் இருக்க, கம்ப்யூட்டர் கொஞ்சம் ரேஸ் கொடுக்கும். கம்ப்ரசர் விட்டதும் இறங்கும். சென்னை வெயிலில் நிமிடத்துக்கு ஒருதரம் இது நடந்தாலும் கோளாறு இல்லை. ஏசியை அணைத்த பிறகும் ரேஸ் ஏறி இறங்கி அலைந்துகொண்டே இருந்தால்தான் விஷயம் வேறு: காற்று நுழையும் வழியில் கரி படிந்திருக்கலாம், எங்காவது ஒரு ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்று கசியலாம்.

கடுகண்ணாவை

மாவனெல்லை கடந்ததும் சமதளம் முடிகிறது. சாலை ஒரு பக்கம் பாறையை ஒட்டியும் மறு பக்கம் பள்ளத்தை ஒட்டியும் வளைந்து ஏறுகிறது. பாறையைக் குடைந்து போட்ட பழைய வழியை இப்போதும் பக்கத்தில் பார்க்கலாம். கவர்னர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் இந்தச் சாலையை அமைத்த கேப்டன் டாசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் மேலே நிற்கிறது. வெள்ளைக்காரப் படையைக் கண்டிக்கு ஏற்றப் போட்ட சாலை. பின்னால் காப்பியும் தேயிலையும் இறங்கின.

இந்த ஏற்றத்தில்தான் தங்கை பயந்த சத்தத்தை நான் முழுதாகக் கேட்டேன். வேகம் நாற்பதிலேயே நின்றது. எஞ்சின் மட்டும் ஒரே உச்சத்தில் ஓங்காரம் போட்டது. ஒரு வளைவில் தம்பி காலைத் தளர்த்தினார். சத்தம் பொசுக்கென்று விழுந்தது, வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. கியர் வண்டி ஓட்டிய காதுக்கு இது பொருந்தாது. அதில் சத்தம் ஏறும், கியர் மாற்றியதும் விழும், மறுபடி ஏறும். சத்தமும் வேகமும் கைகோத்துப் போகும். இங்கே இரண்டும் பிரிந்துவிட்டன.

பிரித்துவைப்பது ஒரே ஒரு பல்சக்கரத் தொகுதி. நடுவில் சிறியது, அதைச் சுற்றி நாலைந்து குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றையும் அணைத்து வெளியே ஒரு வளையம். நடுச் சக்கரத்தில் ஜெனரேட்டர், குட்டிகளைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், வெளி வளையத்தோடு மோட்டாரும் காரின் சக்கரங்களும். 1997இல் வந்த முதல் பிரியஸிலிருந்து அடிப்படை இதுதான். கிளட்ச் இல்லை, மாற்ற வேண்டிய கியரும் இல்லை. சக்கரம் ஒரே வேகத்தில் உருளும்போதே, ஜெனரேட்டரின் சுழற்சியைக் கூட்டிக் குறைத்தால் எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மிலும் ஓடும், 4,000த்திலும் ஓடும். எந்தச் சுழற்சியில் இந்த ஏற்றத்துக்கு வேண்டிய சக்தி சிக்கனமாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, கம்ப்யூட்டர் அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது.

தங்கையின் சிவிடியில் அமைப்பு வேறு, பலன் அதே. இரண்டு கப்பிகள், நடுவில் எஃகுப் பட்டை. கப்பிகளின் அகலம் மாற மாற விகிதம் படியில்லாமல் வழுக்கிக்கொண்டே மாறும். ரப்பர் பட்டையோடு இதைக் காரில் வைத்து 1958இல் அறிமுகப்படுத்தியது நெதர்லாந்தின் டாஃப் கம்பெனி. நம் வீட்டு வாசலில் நிற்கும் கியரில்லா ஸ்கூட்டரிலும் இருப்பது இதே ஏற்பாடுதான். திருகியதும் முதலில் சத்தம் எழும், பிறகு வண்டி அதை எட்டிப் பிடிக்கும். ஸ்கூட்டரில் இருபது வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்தான் காரில் கேட்டால் அச்சம் தருகிறது. இதற்காகவே சில கம்பெனிகள் சிவிடியில் இல்லாத கியர்களை இருப்பது போல நடித்துக் காட்ட நிரல் எழுதி வைத்திருக்கின்றன. எனக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரம் தன் வேலையைத் தன் குரலில் செய்யட்டும்.

வீட்டு கிரைண்டரில் அரிசியை அளவுக்கு மீறிப் போட்டால் கல் திணறி அதன் குரல் தாழும். டாப் கியரில் மேடேறும் கார் எழுப்புவது அந்தக் குரல். எஞ்சினுக்குக் கெடுதல் அந்தத் திணறலில்தான். உச்சத்தில் சீராகக் கத்துவதில் இல்லை.

பேராதனை

தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் தம்பி வழக்கமாகப் போகும் கராஜில் நிறுத்தினார். மாவனெல்லையைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர் நடத்துகிறார். எல்லாருக்கும் அவர் ‘நானா’. தகரக் கூரை, கறுத்த சிமெண்ட் தரை, மூலையில் பிளேன்டீ ஃபிளாஸ்க். சீனி வேண்டாம் என்றதும் ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியைக் கையில் வைத்தார். அதைக் கடித்துக்கொண்டு சாயத்தைக் குடிக்க வேண்டும். சென்னையில் பாலும் சீனியும் கொதித்த டீ குடித்த நாக்கு, தேயிலையின் சுவை எது என்று அங்கேதான் தெரிந்துகொண்டது.

லிஃப்டில் ஒரு பழைய செடான் தொங்கியது. நாலு கியர் ஆட்டோ. நானா அடியிலிருந்து எண்ணெயை ஒரு வெள்ளைத் தாளில் சொட்டவிட்டு என் முன் நீட்டினார். கருப்புக் காப்பி நிறம், தீய்ந்த வாடை. பக்கத்தில் புது எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். மாதுளைச் சாற்றின் சிவப்பு.

“மகள், சத்தத்த மட்டும் கேட்டாக் காணாது. சத்தம் கூடக்குள்ள வண்டி முன்னுக்குப் போகுதான்னு பாக்கணும். ரேஸ் ஏறி வண்டியும் இழுத்தா அது வேலை. ரேஸ் ஏறி வண்டி இழுக்காட்டி அது வருத்தம்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பயணம் போயிருக்கலாம். செடானில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும் இடைவெளியில் ரேஸ் சட்டென்று எகிறுமாம், கார் ஒரு நொடி அந்தரத்தில் நிற்குமாம். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் தேய்ந்து வழுக்குவதன் அடையாளம் அது. பார்க்கிலிருந்து டிரைவுக்குத் தள்ளி இரண்டு மூன்று நொடி கழித்துத் தடாலென்று பிடிப்பதும் அதே குடும்பத்து நோய்.

இந்த வகையில் பயப்படத் தேவையில்லாத ஒன்றும் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கியர் மாறாமலே ரேஸ் 200, 300 ஆர்பிஎம் இறங்கும். லேசாக மிதித்தால் திரும்ப ஏறும். எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே எண்ணெயில் சுழலும் இரண்டு விசிறிகள் இருக்கின்றன. ஒன்று எண்ணெயைத் தள்ள, மற்றது அதில் சுழலும். இடையில் எப்போதும் கொஞ்சம் வழுக்கல். வேகம் நிலைத்ததும் ஒரு பூட்டு விழுந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். வழுக்கல் போகும், ரேஸ் இறங்கும். ஏற்றம் வந்ததும் பூட்டு விலகும். கியர்ப்பெட்டி என்னவோ தடுமாறுகிறது என்று இதற்காகக் கராஜுக்கு வருபவர்கள் ஏராளம் என்றார் நானா. அவர்களிடம் காசு வாங்குவதில்லை, பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிடுவாராம்.

எங்கள் அக்குவாவையும் விடவில்லை. பின் சீட்டின் பக்கவாட்டில் இருந்த சின்னக் காற்றுச் சல்லடையைக் கழற்றினார். சாம்பல் நிறத்தில் ஒரு விரல்கடை அளவுக்குப் பஞ்சும் முடியும் அப்பியிருந்தன. சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி மூச்சு வாங்கும் வழி அது. அது அடைத்தால் பேட்டரி சூடாகும், மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் தயங்கும், அந்தப் பாரமும் எஞ்சின் தலையில் விழும். தேவையில்லாத இடத்தில் எல்லாம் எஞ்சின் எழும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டினார். தம்பி முகம் சுருங்கிவிட்டது. “வெளிக் கண்ணாடிய நாளைக்கு ரெண்டு தரம் தொடைக்கிற, இத மறந்துட்டியே” என்று மட்டும் சொன்னார் நானா.

றம்பொடை

கம்பளை, புசல்லாவ தாண்டினால் இரண்டு பக்கமும் தேயிலை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சரிவில் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். வால்பாறையைப் பார்த்த கண்ணுக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே சரிவுகள் செங்குத்து, சாலை அவற்றின் விளிம்பிலேயே ஓடுகிறது. நீர்வீழ்ச்சி எதிர் மலையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் திருப்பத்தில் ஒரு கார் பானெட்டைத் திறந்துவைத்து நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வயதான தம்பதி. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். “பிள்ளை, எங்கட ஊரில ஏத்தம் எண்டு ஒண்டுமில்லை. இஞ்ச ஏறத் தொடங்கின நேரத்தில இருந்து கார் குழறுது. வேகம் கூடுதில்லை” என்றார் அந்த அம்மா. முகத்தில் உண்மையான பயம். என் தங்கையின் குரலையே கேட்டது போலிருந்தது.

தம்பி முகர்ந்து பார்த்தார்; தீய்ந்த வாடை இல்லை. தண்ணீர் குறையவில்லை, சூடும் அளவில்தான். அவர்களையும் உட்காரவைத்து அடுத்த இரண்டு வளைவு ஓட்டிக் காட்டினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். முள் 4,000 பக்கம் நின்றது. கொஞ்சம் கூடுதலாக மிதித்ததும் ரேஸ் ஏறியது, ஒரு கணம் தாமதித்து முதுகு சீட்டில் அழுந்தியது. இழுக்கிறது. நானாவின் தேர்வில் கார் தேறிவிட்டது.

வேகம் கூடாததற்குக் காரணம் மலைதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவுக்கு மூச்சு குறையும், சக்தியும் குறையும். யாழ்ப்பாணத்துச் சமதளத்தில் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைத்த வேகத்துக்கு, இந்த ஏற்றத்தில் எஞ்சின் மிக அதிகமாகச் சுற்ற வேண்டும். என் ஏஎம்டி இந்த மாதிரி ஏற்றத்தில் இன்னொரு சேட்டை செய்யும்: மூன்றுக்குப் போகும், தாங்காமல் இரண்டுக்கு விழும், மறுபடி மூன்று. மேலே வளைவு இருப்பது அதற்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மேனுவலுக்குத் தள்ளி இரண்டிலேயே வைத்துவிட்டால் அலைச்சல் நின்றுவிடும். ஆசிரியரின் சிவிடியில் டிரைவுக்குக் கீழே ‘எஸ்’ இருந்தது. அதில் போட்டுக் கொடுத்தார் தம்பி.

“இனிக் குழறினாலும் ஓடுறதே?” என்று கேட்டார் ஆசிரியர்.

“குழறினாத்தான் சேர் ஓடும்.”

அந்த அம்மா டிபன் பெட்டியைத் திறந்து பயித்தம் பணியாரம் எடுத்துத் தந்தார். பாசிப்பயற்று மாவும் சர்க்கரையும் தேங்காயும் சேர்ந்த மணம். ஈரக் காற்றில் நின்றுகொண்டு சாப்பிட்டோம். முன்னால் அவர்கள் கார் உரக்கச் சத்தமிட்டுக்கொண்டு ஏறியது.

நுவரெலியா

சித்திரை மாத நுவரெலியா ஒரே கூட்டம். செங்கல் நிறத் தபால் நிலையத்தின் முன் படம் எடுக்க வரிசை நிற்கிறது, ஏரிக்கரையில் குதிரைகள். சென்னையில் அந்த மாதத்தில் விடிகாலையிலேயே வியர்க்கும். இங்கே கம்பளியை விட்டு எழ மனமில்லை.

காலையில் காரை எழுப்பியதும் எஞ்சின் உடனே ஓடியது. சில நிமிடம் உயர்ந்த ரேஸிலேயே நின்றது. குளிர்ந்த எஞ்சினையும் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சீக்கிரம் சூடாக்க எல்லாக் கார்களும் இப்படிச் செய்யும். கியர்ப்பெட்டியும் எண்ணெய் சூடாகும் வரை மேல் கியருக்குப் போகத் தயங்கும், எண்ணெய் விசிறிகளை ஒன்றாக்கும் அந்தப் பூட்டும் விழாது. ஊட்டியில் காலையில் வண்டி எடுத்து, என்ன இது ரேஸ் இறங்கவே மாட்டேன் என்கிறதே என்று அங்கேயே நின்று மேலும் மேலும் மிதிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மிதிக்க வேண்டாம். மெதுவாக ஓட்டத் தொடங்கினால் இரண்டு கிலோமீட்டரில் தானாக அடங்கும்.

ஹட்டன்

நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு ரதெல்ல வழியாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரியில் மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து இங்கே வேனிலும் ஆட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்துபோனார்கள். அந்தப் பாதையை நெருங்கியதும் தம்பி பேச்சை நிறுத்தினார். கம்பியை டிரைவிலிருந்து கீழே இழுத்துப் ‘பி’யில் போட்டார்.

இறக்கத்தில், ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது, எஞ்சின் உறுமத் தொடங்கியது. முதலில் மெல்ல. கொஞ்ச தூரம் போனதும் ஏற்றத்தில் கேட்ட அதே உச்சத்துக்கு. பயணம் முழுவதிலும் விசித்திரமாக ஒலித்தது இதுதான். தம்பி பேட்டரிப் படத்தைக் காட்டினார், கோடுகள் நிறைந்திருந்தன. “இடமில்ல அக்கா. இனி வர்ற கரண்ட எஞ்சினச் சுத்தித்தான் தீக்கணும்.”

கணக்கு இதுதான். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கினால் ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வெளிப்படும். டயரிலும் காற்றிலும் கொஞ்சம் போகும். மிச்சத்தை எங்காவது கரைத்தாக வேண்டும். இந்த அக்குவாவின் பேட்டரி 144 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி, மொத்தமே ஒரு யூனிட்டுக்குள்தான். அதிலும் ஒரு பகுதியைத்தான் பயன்படுத்த விடும். நிரம்பிய பிறகு வரும் மின்சாரத்தை ஜெனரேட்டர் வாங்கி எஞ்சினைச் சுழற்றுகிறது. ஒரு சொட்டுப் பெட்ரோல் எரியாமல், காற்றை உறிஞ்சி அமுக்கித் தள்ளும் உழைப்பிலேயே சக்தி கரைகிறது. அந்தக் கத்தல் பிரேக் பிடிக்கும் சத்தம்.

தம்பியின் வீடு தேயிலைக்கு நடுவே, லயம் எனும் தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா கொழுந்து பறித்து ஓய்ந்தவர்; கல்லில் அரைத்த கட்டச் சம்பலும் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியும் தட்டில் விழுந்துகொண்டே இருந்தன. போதும் என்றால் முகம் வாடியது. 1823இல் தமிழகத்திலிருந்து வரத் தொடங்கியவர்களின் வழி வந்த குடும்பம். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டில் நடந்து வந்த கதையைத் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறாராம் அப்பா. 2023இல் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து அதே வழியில் பலர் நடந்தார்கள். இருநூறு வருடம் உழைத்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் என்பது இன்னும் கோரிக்கையாகவே இருக்கிறது என்பதை அந்த லயத்தில் உட்கார்ந்து கேட்டபோது, ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கிய வருடங்களைப் பற்றிப் பேசினார்.

“ஏறுன கியர்ல எறங்கணும் தங்கச்சி. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது அது ஒன்னுதான். எஞ்சின் கத்தட்டும், பிரேக்கு கத்தக் கூடாது. இப்ப வர்ற காருல கியர் கண்ணுல படல. அதனால பொடியன்களுக்கு அது மறந்துபோச்சு.”

கினிகத்தேனை, கித்துல்கல

ஹட்டனிலிருந்து இறங்கும் சாலை கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலயில் களனி கங்கையைத் தொடுகிறது. 1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் பாலத்தைக் கட்டியதும் தகர்த்ததும் இந்த ஆற்றில்தான். குளிர் விலகி, மரங்கள் மாறி, ரப்பரும் கித்துளும் தெரியத் தொடங்கும்போது உடம்பும் கொழும்பை உணர்ந்துவிடுகிறது.

பாதி இறக்கத்தில் தீய்ந்த வாடை ஜன்னல் வழியாக வந்தது. முன்னால் போன வேன் ஓரங்கட்டியது. முன் சக்கரத்தில் மெல்லிய புகை. ஓட்டியவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கிவர, தம்பி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் பட்டால் தட்டு வளையும், விரிசல் விடும். அரை மணி நேரம் சும்மா நிற்பதுதான் வைத்தியம். ஓட்டியவர் அதுவரை டிரைவில் வைத்து, சத்தமே வராமல், பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வந்திருக்கிறார். எல்லை மீறிச் சூடானால் தகட்டுக்குப் பிடிப்பு போகும். பிரேக் எண்ணெயும் கொதித்துவிடும்: டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரிவரை தாங்கும், காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 140 டிகிரியிலேயே குமிழி விடும். குமிழி விட்ட பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதில் நியூட்ரல் இன்னும் மோசம். பெட்ரோல் மிச்சம் என்று நினைத்து இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கவே எரிபொருள் போகும். மிச்சமும் இல்லை, பிடிப்பும் இல்லை.

கோடை விடுமுறைக்கு ஊட்டிக்கோ வால்பாறைக்கோ ஏற்காட்டுக்கோ ஆட்டோ கியர் காரில் கிளம்புகிறவர்கள், புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே கியர்க்கம்பியைப் பாருங்கள். டிரைவுக்குக் கீழேயோ பக்கத்திலோ ‘எல்’, ‘எஸ்’, ‘பி’ (B), ‘2’, இல்லையென்றால் கூட்டல் கழித்தல் குறி என்று ஏதாவது ஒன்று இருக்கும். அது எதற்கு என்று காரோடு வந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தில் எழுதியிருப்பார்கள், படித்துவிடுங்கள். இறக்கம் தொடங்கும் முதல் வளைவுக்கு முன்பே அதில் போட்டுவிடுங்கள். ரேஸ் ஏறினால் ஏறட்டும்.